கறுப்புக் காய்கள் – 6: ராணியைக் காப்பாற்றாதவர்

சென்ற வாரம்: கல்கத்தா நகரை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர் ஒன்றில் சதுரங்கத்தில் தோல்வியே கண்டிராத ஒரு பிராமணர் இருக்கிறார் என்ற பேச்சு 1848-ல் வெள்ளைக்காரர்கள் காதுக்கு எட்டியது. அவர் பெயர் மகேஷ்சந்திர பானர்ஜி. அவரைக் கல்கத்தாவுக்கு வரவழைத்தார்கள். எதிரே வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்தவர் ஜான் காக்ரேன்.

இனி…

காக்ரேனைச் சாதாரண ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. 1798-ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர், தொழில் வக்கீல். 1840-களின் தொடக்கத்தில் லண்டன் போயிருந்தபோது, அன்றைய இங்கிலாந்தின் முதல் ஆட்டக்காரரான ஹோவர்ட் ஸ்டாண்டனோடு நூற்றுக்கணக்கில் ஆடியவர். பெரும்பாலான ஆட்டங்களில் ஸ்டாண்டன்தான் ஜெயித்தார். ஆனாலும் அவரை உட்கார வைத்து வேலை வாங்கும் அளவுக்கு ஈடு கொடுத்தவர் காக்ரேன். 1843-ல் மறுபடி கல்கத்தா திரும்பியவருக்கு அங்கே ஒரு மனக்குறை. எதிரே உட்கார ஆள் இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் பானர்ஜி. கல்கத்தா செஸ் கிளப் அவரைச் சம்பளத்துக்கே வைத்துக்கொண்டது. காக்ரேன் ஊரிலிருந்தால் ஆட்டம் உண்டு. இருவரும் ஆடியது நூற்றுக்கணக்கான ஆட்டங்கள். நல்ல ஆட்டங்களைக் காக்ரேன் எழுதி லண்டனுக்கு அனுப்புவார், ஸ்டாண்டன் தன் பத்திரிகைப் பத்தியில் அச்சிடுவார். கிராமத்துப் பிராமணர் ஒருவர் நகர்த்திய காய்கள் இன்று நம் கைக்குக் கிடைப்பது இப்படித்தான்.

மொத்தக் கணக்கில் காக்ரேன் கைதான் ஓங்கியிருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. தோற்கத் தோற்க பானர்ஜி எதைக் கற்றுக்கொண்டார், எதை விட்டுக்கொடுக்க மறுத்தார் என்பதுதான் நமக்கு வேண்டிய கதை. அது தெரிய ஒரே ஒரு ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் போதும். அதில் அவருக்குக் கறுப்பு.

இரண்டு சட்டம், ஒரே பலகை

பலகையைத் திறக்கும் முன் ஒரு சங்கதி. பானர்ஜி சின்ன வயதில் பழகியது நாட்டுச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். இரண்டு கட்டம் தாண்டுகிற உரிமை கிடையாது. ஐரோப்பியர்களின் காஸ்லிங்கும் கிடையாது. அதற்குப் பதிலாக, செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரைபோலத் தாண்டி ஒதுங்கலாம். கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்த சிப்பாய், எந்தக் காயின் வீட்டில் ஏறியதோ அந்தக் காயாகத்தான் மாறும்.

ஒரு கட்டம் மட்டுமே போகும் சிப்பாய்களோடு வளர்ந்தவனுக்கு ஆட்டத்தின் வேகமே வேறு. முதல் பத்து நகர்த்தலில் யுத்தம் மூளாது. அவரவர் அவரவர் பக்கத்தில் வியூகம் கட்டுவார்கள். பிஷப்பை நடுவழியாக வெளியே விடக் கதவு திறக்காது. பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் ஏற்றி, அதன் பின்னால் பிஷப்பை மூலைக்கோட்டில் நிறுத்துவதுதான் சுலபம். மேல்நாட்டார் இதைப் பியான்கெட்டோ என்பார்கள். ஆனால் 1850-களில் கல்கத்தாவிலோ லண்டனிலோ ஐரோப்பியர்களில் பெரும்பாலோர் இதைப் பெரிதாக மதிக்கவில்லை. நடுக்கட்டங்களைச் சிப்பாய்களால் பிடி, காய்களை வேகமாக இறக்கு, ராஜாவைத் தாக்கு. அன்றைய ஐரோப்பிய வேதம் அது.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்து கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டுகிறவர், சித்தூர் சந்தையில் மலையாளத்தில் விலை பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து தமிழில் கணக்குப் பார்ப்பார். ஒரு மொழி வந்ததற்காக இன்னொன்றைத் தூக்கிப் போடுவதில்லை. பானர்ஜியும் அப்படித்தான். காக்ரேனின் சட்டத்தைக் கற்றார், காஸ்லிங் செய்தார். ஆனால் யோசனையை நாட்டு ஆட்டத்திலிருந்தே எடுத்தார்.

முதல் ஆறு நகர்த்தல்: வலிய வந்த விருந்து

கட்டங்களைப் பெயர் சொல்லி அழைக்கலாம். வெள்ளையின் இடக்கைக் கோடியிலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். வரிசை 1 முதல் 8 வரை, வெள்ளைப் பக்கமிருந்து எண்ண வேண்டும். வீட்டில் பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காக்ரேன் ராஜாவின் சிப்பாயை இ4-க்குத் தள்ளினார். பானர்ஜி டி6. ஒரே ஒரு கட்டம். காக்ரேன் டி4, பானர்ஜி ஜி6. மறுபடியும் ஒரு கட்டம். காக்ரேன் சி4 என்று மூன்றாவது சிப்பாயையும் ஏற்ற, கறுப்புப் பிஷப் ஜி7-ல் போய் உட்கார்ந்தது. வெள்ளைக் குதிரை சி3-க்கு, கறுப்புக் குதிரை எஃப்6-க்கு. ஐந்தாவது நகர்த்தலில் காக்ரேன் எஃப்4 போட்டார்.

இப்போது பலகையைப் பாருங்கள். சி4, டி4, இ4, எஃப்4 என்று நாலு வெள்ளைச் சிப்பாய்கள் தோளோடு தோள் நிற்கின்றன. கறுப்பு ஒரு சிப்பாயைக்கூட நடுக்கோட்டைத் தாண்டி அனுப்பவில்லை. அந்தக் காலத்து லண்டன் ஆட்டக்காரர் யாரைக் கேட்டாலும் வெள்ளை ஏற்கெனவே ஜெயித்துவிட்டது என்று சொல்லியிருப்பார். பானர்ஜி காஸ்லிங் செய்தார். காக்ரேன் இன்னொரு குதிரையை எஃப்3-ல் இறக்க, கறுப்பின் மற்ற பிஷப் ஜி4-க்கு வந்து அந்தக் குதிரையைக் கட்டிப்போட்டது. குதிரை அசைந்தால் பின்னால் டி1-ல் இருக்கும் ராணி போய்விடும்.

நாலு சிப்பாய்கள் முன்னேறினால் இடம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காவல் வேண்டும். வெள்ளை இடத்தைப் பிடித்த அதே நேரத்தில் பொறுப்பையும் தலையில் ஏற்றிக்கொண்டது. கறுப்புக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. இடிப்பதற்கு நல்ல நேரம் பார்த்தால் போதும்.

ஏழாவது நகர்த்தல்: கதவைச் சாத்திய பிஷப்

காக்ரேன் தன் பிஷப்பை டி3-ல் வைத்தார். பார்க்க நல்ல நகர்த்தல்தான். காய் வெளியே வந்தது, காஸ்லிங்குக்கு வழி பிறந்தது. ஆனால் டி4 சிப்பாய்க்குக் காவல் யார்? எஃப்3 குதிரை. அதன் கால் கட்டப்பட்டிருக்கிறது. அடுத்து டி1-ல் இருக்கும் ராணி. அவளுக்கும் டி4-க்கும் நடுவில் இப்போது டி3 பிஷப் வந்து நிற்கிறது. தன் ராணியின் பார்வையைத் தன் பிஷப்பே மறைத்துவிட்டது.

பானர்ஜி காத்திருந்தது இதற்குத்தான். அதுவரை ஒவ்வொரு கட்டமாகப் போனவர், இ5 என்று சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். எஃப் சிப்பாய் அதை வெட்ட, டி6 சிப்பாய் திருப்பி வெட்டியது. டி4-ல் அடி விழப்போகிறது. காக்ரேன் அதை டி5-க்கு முன்னேற்றித் தப்பித்தார்.

இத்தோடு நின்றிருந்தால் ஆட்டம் சமம் என்று சொல்லி அடுத்த வாரத்துக்குப் போயிருப்போம். பானர்ஜி நிற்கவில்லை. ஒன்பதாவது நகர்த்தலில் குதிரையை இ4 சிப்பாய் மேல் போட்டார். அந்தச் சிப்பாய்க்கு இரட்டைக் காவல். குதிரை போகும் என்று தெரிந்தேதான் போட்டார். காக்ரேனின் குதிரை அதை வெட்டி இ4-ல் நின்றது. உடனே கறுப்பு எஃப்5. வெள்ளைக் குதிரை ஓட வேண்டும். அது ஜி5-க்கு ஓடியது. கறுப்பு இ4!

இந்த ஒரு சிப்பாய் இரண்டு காய்களை ஒரே சமயத்தில் மிரட்டுகிறது. ஒரு பக்கம் டி3 பிஷப், மறுபக்கம் எஃப்3 குதிரை. குதிரை கட்டிப்போடப்பட்டிருப்பதால் அசைய வழியில்லை. ஒரு குதிரையைக் கொடுத்தவர் அதைத் திரும்ப வசூலிக்கப் போகிறார்.

பிற்கால விமரிசகர்கள் இந்தப் பலியை ஆச்சரியக்குறியும் கேள்விக்குறியும் சேர்த்துத்தான் குறிக்கிறார்கள். துணிச்சல் உண்டு, உத்தரவாதம் இல்லை என்று அர்த்தம். சரியான பதில் கிடைத்திருந்தால் பானர்ஜியின் கணக்கு கவிழ்ந்திருக்கலாம். ஆனால் எதிரே இருந்தவர் காக்ரேன். இதே பானர்ஜிக்கு எதிராக 1848-ல், நாலாவது நகர்த்தலிலேயே எஃப்7-ல் குதிரையைப் பலி கொடுத்தவர். இன்றைக்கும் அந்த ஆட்டமுறை காக்ரேன் கேம்பிட் என்ற பெயரில் புத்தகங்களில் இருக்கிறது. இப்படிப்பட்டவர் தற்காப்பு தேடுவாரா? எதிரடி கொடுப்பார். கொடுத்தார்.

பன்னிரண்டாவது நகர்த்தல்: குதிரை இ6-ல்

ஜி5-ல் நின்ற குதிரை தாவி இ6-ல் இறங்கியது. டி5 சிப்பாய் அதற்குக் காவல். அங்கிருந்து அது மூன்று காய்களைப் பார்க்கிறது. டி8-ல் ராணி, எஃப்8-ல் யானை, ஜி7-ல் பிஷப். அதைத் துரத்தச் சிப்பாயும் இல்லை, வெட்டக் காயும் இல்லை.

கிளப் ஆட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இந்த இடத்தில் என்ன செய்வார்கள்? ராணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஓடட்டும். குதிரை யானையை வெட்டும். ஓடிய ராணிக்கு ஒரு நகர்த்தல் செலவு, வெட்டிய குதிரைக்கு ஒரு யானை வரவு. கறுப்பின் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

பானர்ஜி ராணியைத் தொடவில்லை.

இ4 சிப்பாயை எடுத்து எஃப்3 குதிரையை வெட்டினார். ‘என் ராணியை எடுத்துக்கொள்’ என்பதுதான் அதன் பொருள்.

காக்ரேனுக்கு இங்கே வேறு வழி இருந்தது. ஜி சிப்பாயால் எஃப்3-ஐ வெட்டியிருக்கலாம். கறுப்பு ராணி எச்4-ல் வந்து செக் கொடுத்திருக்கும், சண்டை நீண்டிருக்கும், முடிவு யார் பக்கம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ராணி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது யார்தான் சும்மா இருப்பார்? காக்ரேன் குதிரையால் டி8 ராணியை வெட்டினார். அந்த நகர்த்தலுக்குப் பிற்காலத்தவர் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டார்கள்.

பானர்ஜியின் அந்தச் சிப்பாய் எஃப்3-லிருந்து இறங்கி ஜி2-ல் இருந்ததை வெட்டியது.

இந்த நகர்த்தலை நிதானமாகப் பாருங்கள். சிப்பாய் எஃப்3-ஐ விட்டு விலகியதும் ஜி4 பிஷப்புக்கு வழி திறந்தது. நேராக டி1 ராணி மேல் பார்வை. ஜி2-ல் நிற்கும் அதே சிப்பாய் எச்1 யானையையும் கடிக்கிறது. வெட்டிவிட்டால் அது ராணியாகிவிடும், அதுவும் செக்கோடு. காக்ரேன் தன் ராணியைக் கொண்டு ஜி4 பிஷப்பை வெட்டலாமா? வெட்டலாம். உடனே சிப்பாய் யானையை வெட்டிப் புது ராணியாகிச் செக் கொடுக்கும். அதைத் தடுத்து முடிப்பதற்குள் ஜி4-ல் நிற்கும் வெள்ளை ராணியை எஃப்5 சிப்பாய் வெட்டிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நஷ்டம். டி6-ல் பவ்யமாக ஒரு கட்டம் நகர்ந்த சிப்பாய் இது. அதுதான் இ5, இ4, எஃப்3, ஜி2 என்று எதிரியின் படுக்கையறை வரை வந்துவிட்டது.

காக்ரேன் யானையை ஜி1-க்கு ஒதுக்கினார். கறுப்புப் பிஷப் வெள்ளை ராணியை வெட்டியது. இரண்டு பக்கமும் ராணி இல்லை. டி8-ல் மாட்டிய குதிரை மறுபடி இ6-க்குத் தாவ, பானர்ஜி பிஷப்பை ஜி4-க்கே பத்திரமாகக் கொண்டுவந்தார். குதிரை எஃப்8 யானையை வெட்டியது, கறுப்பு ராஜா குதிரையை வெட்டியது, ஜி1 யானை ஜி2 சிப்பாயை வெட்டியது. பதினேழு நகர்த்தலில் புழுதி அடங்கியது.

புழுதி அடங்கியபின் எண்ணிப் பார்த்தால்

வெள்ளைக்கு இரண்டு யானை, இரண்டு பிஷப், ஐந்து சிப்பாய். கறுப்புக்கு ஒரு யானை, இரண்டு பிஷப், ஒரு குதிரை, ஆறு சிப்பாய். எண்ணிக்கையில் வெள்ளை கொஞ்சம் முன்னே. கிளப் ஆட்டக்காரர்கள் பலர் இங்கேதான் மனம் விடுவார்கள்: இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லையே என்று.

ஆனால் எண்ணிக்கையில் வராத ஒன்று பலகையில் இருக்கிறது. வெள்ளை ராஜா இன்னும் இ1-ல். காஸ்லிங் இல்லை, மறைவு இல்லை. ஜி7 பிஷப்பின் நெடுங்கோடு பி2 வரை வெறிச்சென்று கிடக்கிறது. மூன்றாவது நகர்த்தலில் யாரும் மதிக்காமல் மூலையில் போய் உட்கார்ந்த அதே பிஷப்.

பானர்ஜி அவசரப்படவில்லை. குதிரையை டி7 வழியாக சி5-க்குக் கொண்டுவந்து டி3 பிஷப்பைத் தட்டினார். நடுவில் காக்ரேன் பிஷப்பை எஃப்4-ல் வைத்து சி7 சிப்பாய்க்குக் குறி பார்த்தார். ஆனால் அதை வெட்டினால் டி3 பிஷப் செக்கோடு போய்விடும். வேறு வழியில்லாமல் ராஜாவே காவலுக்கு டி2-க்கு ஏறியது. கறுப்பு யானை சி8-ல் நின்று சி7-ஐக் காத்தது. வெள்ளை ராஜா சி2-க்குப் போக, கறுப்புப் பிஷப் எஃப்3-ல் இறங்கி யானையைத் துரத்தியது. குதிரை டி3 பிஷப்பை வெட்ட, ராஜாவே வந்து குதிரையை வெட்டியது. பிஷப் இ4-ல் செக். ராஜா இ3-ல். நடுப்பலகையில், நாலு பக்கமும் திறந்த வெளியில்.

இப்போது பானர்ஜி பி5. ஓரத்தில் ஒரு சின்னத் தட்டு. சி4 சிப்பாய் அதை வெட்டினால் டி5 சிப்பாய் தாங்கலை இழக்கும். வெட்டியது. கறுப்புப் பிஷப் டி5-ஐ எடுத்துக்கொண்டது. ஐந்தாவது நகர்த்தலில் தோளோடு தோள் நின்ற அந்த நாலு சிப்பாய்களில் எஃப், இ, டி மூன்றும் போயின. மிச்சமிருந்த ஒன்று பி5-ல் தனியாக நிற்கிறது. இரண்டு பிஷப்புகளும் பலகையை முழுக்க ஆண்டன. ஆட்டம் கறுப்புக்கு.

ராணி பலியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது அது இல்லை. எதிரியை முன்னேற விட்டு, அவன் தூக்கிச் சுமக்க முடியாத அளவுக்கு ஏற்றிக்கொண்டபின் அடிக்கும் பொறுமை. அந்தப் பொறுமையை அன்றைய லண்டன் கற்றுத் தரவில்லை. ஒவ்வொரு கட்டமாகப் போன நாட்டுச் சிப்பாய் கற்றுத் தந்தது.

தோற்ற ஆட்டத்துக்கும் வாரிசு உண்டு

1855 மே மாதம் அதே இருவர் மறுபடி பலகையில். காக்ரேன் டி4, சி4. பானர்ஜி குதிரை எஃப்6, ஜி6, பிறகு டி5 என்று நடுவில் நேராக இடித்தார். இந்த முறை பாச்சா பலிக்கவில்லை. பதினெட்டாவது நகர்த்தலில் காக்ரேனின் குதிரை எஃப்7-ல் பாய்ந்தது. அடுத்து மூன்றே நகர்த்தலில் செக்மேட். ராணியை ஜி8-ல் பலி கொடுத்து, சொந்தக் காய்களே சுற்றி அடைத்து நிற்கும் ராஜாவைக் குதிரை கொன்றது.

தோற்றாலும் அந்தத் தொடக்கம் சாகவில்லை. 67 வருஷம் கழித்து, 1922-ல் வியன்னாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் அதே நகர்த்தல்களைப் போட்டிகளில் ஆடி, பின்னாளில் உலக சாம்பியனான அலெகைனையே கறுப்பில் வீழ்த்தினார். தொடக்கத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. பானர்ஜி ஜெயித்த ஆட்டத்தின் வடிவத்தை இன்று கிங்ஸ் இந்தியன் என்கிறோம். 1884-லேயே இந்த வகைக்கு ‘இந்தியத் தற்காப்பு’ என்ற பெயர் வந்துவிட்டது. பானர்ஜியின் ஆட்டங்களைப் பார்த்துத்தான்.

பானர்ஜிக்குப் பிறகு பஞ்சாபிலிருந்து இன்னொருவர் வந்தார். நாட்டுச் சதுரங்கத்தில் பழகி, லண்டன் போய் 1929, 1932, 1933 என்று மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆன மீர் சுல்தான் கான். அவருக்கும் பிஷப்பை மூலையில் வைப்பதில்தான் ருசி.

நம் காலத்துக்கு வரலாம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் பதினாலாவது, கடைசி ஆட்டம். வெள்ளையில் ஆடிய டிங் லிரன் ஜி3 போட்டு, பிஷப்பை ஜி2 மூலையில் வைத்து, டி4 என்று நடுவில் இடித்தார். குரூன்ஃபெல்ட் வியூகத்தையே நிறம் மாற்றிப் போட்டது அது. எதிரே கறுப்பில் சென்னையின் 18 வயது குகேஷ். சமமாகத்தான் முடியும் என்று உலகமே நினைத்த ஆட்டத்தை அவர் விடவில்லை. ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-ல் வைத்துத் தவறினார். யானையும் பிஷப்பும் மாற்றிக்கொள்ளப்பட்டால் ஒரு சிப்பாய் கூடுதலாக உள்ள கறுப்புக்கே வெற்றி. ஏழரைக்கு ஆறரை. உலகப் பட்டம் கறுப்புக் காய்களில் வந்து சேர்ந்தது. பொறுத்திருந்து எதிராளியைச் சுமக்க வைக்கும் வித்தை, கல்கத்தா பலகையிலிருந்து இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது.

ஆனால் முதல் ஆள் பானர்ஜியா?

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. பானர்ஜி கல்கத்தாவில் கால் வைப்பதற்குச் சுமார் இருபது வருஷம் முன்பே, வெள்ளைக்காரர்களின் சட்டப்படி ஆடி அவர்களையே உட்கார்ந்து குறிப்பெடுக்க வைத்த இந்தியர் ஒருவர் இருந்தார். ஊர் கல்கத்தா இல்லை, மதராஸ். பெயர் குலாம் காசிம்.

1828-ல் மதராஸ் ஒரு பக்கம், ஹைதராபாத் ஒரு பக்கம். நடுவில் பலகை கிடையாது, தபால்தான் உண்டு. இரண்டு ஆட்டங்கள். அவை முடிந்ததும் 1829-ல் மதராஸில் ஒரு புத்தகம் அச்சானது. அட்டையில் குலாம் காசிமின் பெயரோடு இன்னொரு பெயர்: ஜேம்ஸ் காக்ரேன்.

ஜான் இல்லை, ஜேம்ஸ். யார் இந்த இரண்டாவது காக்ரேன்? குதிரையைத் தெரிந்தே பலி கொடுக்கும் ஒரு பயங்கரத் தொடக்கத்தைப் பற்றி மதராஸில் உட்கார்ந்து இருவரும் பக்கம் பக்கமாக ஏன் எழுதினார்கள்? தபாலில் ஹைதராபாத்துக்கு மதராஸ் அனுப்பிய எந்த நகர்த்தல் எதிரியைத் திணற வைத்தது?

அடுத்த வாரம் மதராஸ் தபாலைப் பிரிப்போம்.

(தொடரும்)